பழைய கனடா காலனி வெள்ளி நாணயங்கள்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் மேப்பிள் இலை வளையம், அதன் உச்சியில் கிரீடம். இப்படி ஒரு கறுத்த வெள்ளிக்காசு கைக்கு வந்தால் பெரும்பாலானோர் முதலில் செய்வது அதைத் துலக்குவதுதான். விபூதி, புளி, பற்பசை, பேக்கிங் சோடா, வெள்ளி பாலிஷ் என எதைப் போட்டுத் தேய்த்தாலும் விளைவு ஒன்றே. அச்சடித்தபோது உலோகம் பரவிய நுண்ணிய வரிகள் அழிந்து, அந்த இடத்தில் தேய்த்த கீறல்கள் நிற்கும். சேகரிப்பாளர் அதை விளக்கொளியில் ஒரு முறை சாய்த்துப் பார்த்தாலே கண்டுகொள்வார். துலக்காத நாணயத்தின் விலையில் பாதிகூடச் சில நேரம் கிடைக்காது. கறுப்பு, நீலம், பழுப்பு என்று ஏறியிருக்கும் நிறம் அழுக்கு கிடையாது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மேல்படலம் அது. அதை அப்படியே விட்டுவிட்டு, விளிம்பைப் பிடித்துத் தூக்கி, மெத்தென்ற துணி விரித்த மேசையில் வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எந்தக் காலனி, எந்த நாணயம்?

இன்றைய கனடா 1867 ஜூலை 1 அன்று உருவான கூட்டமைப்பிலிருந்து வளர்ந்தது. அதற்கு முன் ஒவ்வொரு காலனியும் தன் கணக்கைத் தனியாகப் பார்த்துக்கொண்டது. பத்தடிமான முறையில் (100 சென்ட் ஒரு டாலர் என்ற கணக்கில்) வெள்ளி நாணயம் வெளியிட்டவை மூன்றே மூன்று.

கனடா மாகாணம் (இன்றைய ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் தென்பகுதி) 1858-இல் மட்டும் 5, 10, 20 சென்ட் வெளியிட்டது. நியூ பிரன்ஸ்விக் 1862, 1864 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அதே மூன்று மதிப்புகளை வெளியிட்டது. நியூஃபவுண்ட்லாந்து 1865-இல் தொடங்கி 1947 வரை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அது 1949 மார்ச் 31 அன்றுதான் கனடாவோடு சேர்ந்தது என்பதால் அதன் வரிசை மட்டும் இவ்வளவு நீளம். 1907-க்குப் பிறகு அது சட்டப்படி காலனி இல்லை, டொமினியன் (பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடு). ஆனாலும் சேகரிப்பாளர்கள் முழு வரிசையையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறார்கள்.

நோவா ஸ்கோஷியா வெள்ளிக்காசு என்று யாராவது காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள். அந்தக் காலனி பிரிட்டிஷ் தங்கப் பவுனை (20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்) 5 டாலர் என்று மதிப்பிட்டது. அதனால் பிரிட்டிஷ் ஷில்லிங் சரியாக 25 சென்ட், ஆறு பென்ஸ் காசு 12½ சென்ட் என்று கணக்கு உட்கார்ந்துவிட, பிரிட்டிஷ் வெள்ளியையே புழங்கவிட்டு, சில்லறைக்கு வெண்கல ஒரு சென்டும் அரை சென்டும் மட்டும் அடித்துக்கொண்டது. பிரின்ஸ் எட்வர்ட் தீவும் பத்தடிமானத்தில் 1871-இன் வெண்கல ஒரு சென்டோடு நிறுத்திக்கொண்டது.

இதற்கெல்லாம் முந்திய இரண்டு வெள்ளி நாணயங்களும் இந்தத் தலைப்புக்குள் வரும். ஒன்று, 1670-இல் பிரான்சின் பதினான்காம் லூயி அமெரிக்கக் காலனிகளுக்கென்று பாரிஸில் அடித்த 5 சோல், 15 சோல் (சோல் என்பது பழைய பிரெஞ்சுப் பண அலகு). 15 சோல் இன்று உலகிலேயே ஒரு சிலதான் இருக்கின்றன. மற்றொன்று, 1813-இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஸ்பானிய டாலரின் நடுவில் துளை வெட்டிச் செய்த ‘ஹோலி டாலர்’ (துளையுள்ள டாலர்). வெளி வளையம் 5 ஷில்லிங், நடுத்துண்டு 1 ஷில்லிங். இந்த இரண்டிலும் போலிகள் மலிந்து கிடக்கின்றன. குறிப்பாக ஹோலி டாலரைச் செய்ய ஒரு பழைய ஸ்பானியக் காசும் துளைக்கருவியும் முத்திரையும் போதும். சான்றிதழ் இல்லாமல் விற்பனைக்கு வந்தால் வீட்டுச் சோதனையை நம்பி வாங்காதீர்கள்.

தேவையான கருவிகள்

0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, அதைச் சரிபார்க்க ஓர் எடைக்கல், பிளாஸ்டிக் வாய் உள்ள வெர்னியர் காலிப்பர் (உலோக வாய் விளிம்பைக் கீறும்), பத்து மடங்கு உருப்பெருக்கும் லூப், ஒரு நியோடிமியம் காந்தம், ஒற்றைப் பல்பு உள்ள மேசை விளக்கு. விளக்கு முக்கியம். ட்யூப் லைட்டின் பரவிய வெளிச்சத்தில் துலக்கிய கீறல்கள் தெரியாது.

முதல் படி: எழுத்தையும் ஆண்டையும் படியுங்கள்

தலையைச் சுற்றியுள்ள எழுத்தில் ஊரின் பெயர் இருக்கும். நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து என்று தெளிவாகவே பொறித்திருப்பார்கள். குழப்பம் வருவது ‘கனடா’ என்று மட்டும் இருக்கும்போது. காலனிக் காலத்து 1858 நாணயத்திலும் ‘கனடா’தான், 1870 முதல் வந்த டொமினியன் நாணயங்களிலும் ‘கனடா’தான். ஆகவே ஆண்டெண்தான் பிரித்துக் காட்டும். 20 சென்ட் என்று மதிப்பு இருந்தால் ஆண்டு தேய்ந்து மறைந்திருந்தாலும் கவலையில்லை. கனடா பெயரில் 20 சென்ட் 1858-இல் மட்டுமே வந்தது. காரணமும் சுவையானது. காலனிகளின் உள்ளூர்ப் பவுண்டுக் கணக்கான பழைய ஹாலிஃபாக்ஸ் கணக்கில் ஒரு பவுண்டு 4 டாலர், அதனால் ஒரு ஷில்லிங் 20 சென்ட். மக்கள் பழகிய ஷில்லிங்குக்கு இணையாக 20 சென்ட் அடித்தார்கள். ஆனால் கடைவீதியில் அமெரிக்காவின் 25 சென்ட் புழங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் அளவில் நெருக்கமாக இருந்ததால் கைமாறும்போதெல்லாம் தகராறு. 1870-இல் 25 சென்டுக்கு மாறிய அரசு, பழைய 20 சென்டுகளைத் திரும்பப் பெற்று ஏராளமாக உருக்கியது. 7 லட்சத்துக்கு மேல் அடித்த நாணயம் இன்று நல்ல தரத்தில் அரிதாக இருப்பது அதனால்தான். நியூஃபவுண்ட்லாந்து 1912 வரை 20 சென்டை விடவில்லை. 1917, 1919 ஆண்டுகளில்தான் 25 சென்டுக்கு வந்தது.

அடுத்து அச்சகக் குறியை, அதாவது நாணயம் அடித்த சாலையைக் காட்டும் எழுத்தை, தேடுங்கள். குறி எதுவும் இல்லையென்றால் பொதுவாக லண்டன் ராயல் மின்ட். ஆங்கில ‘எச்’ இருந்தால் பர்மிங்காமின் ஹீட்டன் அச்சகம். ‘சி’ இருந்தால் ஒட்டாவா, அதாவது 1917 அல்லது அதற்குப் பிந்தியது. ‘எச்’ எப்போதும் ஒரே இடத்தில் இருக்காது. கழுத்தின் கீழும் பாருங்கள், பின்பக்கத்து ஆண்டெண்ணின் கீழும் பாருங்கள். தேய்ந்த நாணயத்தில் அது வெறும் இரண்டு புள்ளிக்கோடாகத் தெரியும். லூப் இல்லாமல் ‘குறி இல்லை’ என்று முடிவு கட்டக்கூடாது.

இரண்டாம் படி: எடையும் அளவும்

மூன்று காலனிகளின் நாணயங்களும் 925 வெள்ளி. நியூஃபவுண்ட்லாந்து மட்டும் 1945 முதல் 1947 வரை 800 வெள்ளிக்கு இறங்கியது.

கனடா மாகாணமும் நியூ பிரன்ஸ்விக்கும்: 5 சென்ட் 1.16 கிராம், 10 சென்ட் 2.32, 20 சென்ட் 4.65.
நியூஃபவுண்ட்லாந்து: 5 சென்ட் 1.18 கிராம், 10 சென்ட் 2.36, 20 சென்ட் 4.71, 50 சென்ட் 11.78.

குறுக்களவு 5 சென்டுக்கு 15.5 மில்லிமீட்டர், 10 சென்டுக்கு சுமார் 18, 20 சென்டுக்கு சுமார் 23, 50 சென்டுக்கு கிட்டத்தட்ட 30.

நியூஃபவுண்ட்லாந்து ஏன் கொஞ்சம் கனம்? அந்த ஊர் டாலர் சரியாக 100 பிரிட்டிஷ் அரைப்பென்னிக்கு, அதாவது 50 பென்ஸுக்குச் சமம். அதன் 2 டாலர் தங்கக் காசிலேயே ‘100 பென்ஸ்’ என்று பொறித்திருக்கும். பிரிட்டிஷ் வெள்ளியில் 12 பென்ஸ் எடை 5.655 கிராம். அந்தக் கணக்கில் 25 பென்ஸ் 11.78 கிராம் வரும், அதுதான் 50 சென்ட். கனடா டாலர் 49.3 பென்ஸ் மட்டுமே என்பதால் அதன் காசு அந்த அளவுக்கு இலேசு. இதைப் புரிந்துகொண்டால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

புழங்கிய நாணயம் எடை குறையும். நன்றாகத் தேய்ந்த 20 சென்ட் 4.4 கிராமுக்கு இறங்கியிருந்தால் வியப்பில்லை. ஆனால் எடை கூட வழியே இல்லை. 4.65 இருக்க வேண்டிய காசு, அதுவும் தேய்ந்த முகத்தோடு, 4.9 காட்டினால் அது போலி, அல்லது யாரோ ஈயப்பற்று வைத்துக் கொக்கியோ ஊசியோ பொருத்திப் பிறகு கழற்றியிருக்கிறார்கள். பின்னதென்றால் விளிம்பில் 12 மணி நிலையில் மங்கலான சாம்பல் தடம் இருக்கும். தலையைச் சுற்றிய நிறம் அந்த இடத்தில் மட்டும் மாறியிருக்கும்.

மூன்றாம் படி: வெள்ளிதானா?

நகைக்கடையில் கொடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரே உரசலில் விளிம்பு போய்விடும், அமிலத்துளி நிரந்தரக் கறை வைக்கும். கல்லில் சுண்டி ஓசை கேட்பதும் வேண்டாம். உள்ளே விரிசல் உள்ள அசல் காசும் மொட்டையாகத்தான் ஒலிக்கும், கீழே விழுந்தால் விளிம்பு நசுங்கும்.

காந்தம் முதலில். ஒட்டினால் அங்கேயே முடிந்தது. ஒட்டாவிட்டால் அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது, ஏனென்றால் செம்பு-நிக்கல் கலவையும் ஒட்டாது.

அடர்த்திச் சோதனை நம்பகமானது. தராசில் பாதியளவு காய்ச்சி வடித்த நீர் ஊற்றிய சின்னக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் நாணயத்தைத் தொங்கவிட்டு, அடியையும் சுவரையும் தொடாமல் நீரில் முழுக்க அமிழ்த்துங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் மெதுவாக ஆட்டி விடுங்கள். தராசு காட்டும் எண் இடம்பெயர்ந்த நீரின் எடை. காற்றில் நிறுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 925 வெள்ளிக்கு 10.3-ஐ ஒட்டி வரும், செம்பு-நிக்கலுக்கு 8.9. 20 சென்டுக்கு நீரில் 0.45 கிராம் காட்ட வேண்டும், செம்பு-நிக்கல் போலி 0.52 காட்டும். பிரித்துவிடலாம். 5 சென்டில்தான் சிக்கல். அசலுக்கு 0.11, போலிக்கு 0.13. 0.01 தராசின் தடுமாற்றமே அந்த அளவு இருக்கும். அதற்கு 0.001 கிராம் தராசு வேண்டும், இல்லையென்றால் இந்தச் சோதனையை 5 சென்டுக்குச் செய்து ஏமாற வேண்டாம். முடிந்ததும் மெத்தென்ற பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது.

சரியான வெள்ளியிலேயே செய்த போலிகளும் உண்டு. லூப்பில் பரப்பைப் பாருங்கள். வார்த்த போலியில் சிறு குழிகள் அம்மைத் தழும்புபோல் தெரியும், எழுத்தின் ஓரங்கள் உருகியதுபோல் உருண்டிருக்கும், விளிம்பைச் சுற்றி ஒரு ஒட்டுக்கோடு ஓடும். அச்சடித்த அசலில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும். விளிம்பில் வரிகள் சீரான இடைவெளியில் ஓட வேண்டும்.

ஆண்டெண்ணைத் திருத்திய நாணயங்கள் இன்னும் ஆபத்து. நியூஃபவுண்ட்லாந்தின் 1946 ‘சி’ 5 சென்ட் 2,041 மட்டுமே அடிக்கப்பட்டது. அதன் அண்டை ஆண்டுகள் மலிவு. கடைசி இலக்கத்தை மட்டும் செதுக்கியோ ஒட்டியோ மாற்றினால் போதும் என்பதால், 6-ஐச் சுற்றிய தரையின் நிறமும் மேடும் மற்ற இலக்கங்களைப் போலவே இருக்கிறதா என்று லூப்பில் சாய்த்துப் பாருங்கள்.

நான்காம் படி: தரம்

விலையை நிர்ணயிப்பதில் இதற்கு நிகர் வேறில்லை. விக்டோரியா தலையில் காதைச் சுற்றி ஓடும் பின்னலும் அதையொட்டிய கூந்தலும் உயரமான பகுதிகள், முதலில் தேய்வதும் அவைதான். மற்ற இடங்களைப் பார்த்து மனம் மயங்குவதற்கு முன் அங்கே பாருங்கள்.

தரத்தை ஆங்கிலச் சுருக்கெழுத்தாலும் எண்ணாலும் குறிப்பார்கள், எண் கூடக் கூடத் தரம் உயர்வு. பின்னல் தேய்ந்து அற்றுப்போயிருந்தால் ஜி-4. பின்னலின் உருவம் இருந்தும் உள்ளே எந்த நுணுக்கமும் இல்லையென்றால் விஜி-8. பின்னலின் கண்ணிகள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கியிருந்தால் எஃப்-12. கண்ணிகள் தனித்தனியாகத் தெரிந்தும் கூர்மை இல்லையென்றால் விஎஃப்-20. லேசான தேய்மானத்தோடு கூர்மையாக இருந்தால் இஎஃப்-40. உச்சியில் மட்டும் தொட்ட தடம் இருந்து, பள்ளங்களில் அச்சுப் பளபளப்பு மிஞ்சியிருந்தால் ஏயு-50. தேய்மானமே இல்லாதது எம்எஸ்-60-க்கு மேல்.

விக்டோரியாவுக்குப் பின் வந்த மன்னர்கள் ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலைகளில் பின்னலுக்குப் பதில் கிரீடத்தின் பட்டையைப் பாருங்கள். பட்டையிலுள்ள மணிகள் எவ்வளவு தெளிவு என்பதே அளவுகோல்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அச்சு மங்கலாக விழுந்ததைத் தேய்மானம் என்று எண்ணுவது. தேய்ந்த இடம் சாய்த்த ஒளியில் மந்தமான சாம்பலாக நிற்கும். மங்கலாக அச்சடித்த இடத்தில் பளபளப்பு தொடர்ந்து ஓடும், நாணயத்தை மெதுவாகச் சுழற்றினால் ஒளிக்கீற்று தடைபடாமல் அதன் மேல் நகரும்.

துளை, விளிம்பில் அடி, சுரண்டல், துலக்கல் இருந்தால் தரம் சொல்லிவிட்டு அந்தக் குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பக்கத்தை வழித்து, காதலியின் பெயரெழுத்தைப் பொறித்துப் பரிசளிக்கும் வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட காசுகளுக்குத் தனி ரசிகர்கள் உண்டு, ஆனால் நாணய விலைப்பட்டியல் அவற்றுக்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: அரிய ஆண்டும் அச்சு வேறுபாடும்

1858-இன் 5 சென்டில் சிறிய ஆண்டெண் சாதாரணம், சிறியதன்மேல் பெரிய ஆண்டெண் விழுந்தது அரிது. அதே ஆண்டு 10 சென்டில் 5-இன் மேல் 8 அடித்தது உண்டு. 8-இன் வளைவுக்குள் பழைய எண்ணின் மிச்சம் எட்டிப் பார்க்கிறதா என்று லூப்பில் தேடுங்கள். நியூ பிரன்ஸ்விக்கில் 1862-இன் 10 சென்டில் 2-ஐ இரட்டிப்பாக வெட்டியதும், 1864-இன் 5 சென்டில் சிறிய 6, பெரிய 6 என்ற இரு வகையும் தேடப்படுபவை. நியூ பிரன்ஸ்விக் மொத்தமே குறைவு. இரண்டு ஆண்டிலும் 5 சென்ட் தலா 1,00,000தான். தேய்ந்த காசுகள் கிடைக்கும், இஎஃப்-க்கு மேலே போனால் தேடித் திரிய வேண்டும்.

நியூஃபவுண்ட்லாந்தில் எண்ணிக்கை இன்னும் சிறியது. 1885-இன் 10 சென்ட் 8,000, அதே ஆண்டு 5 சென்ட் 16,000. 1888-இன் 50 சென்ட் 20,000. 1876 ‘எச்’ 10 சென்டும் 1880-இன் 10 சென்டும் தலா 10,000. சின்ன வெள்ளி 5 சென்டைக் கனடாவில் ‘மீன் செதில்’ என்பார்கள். மெல்லியதாய் இருந்ததால் வளைந்தும் தொலைந்தும் போனவை ஏராளம். ஆகவே வளையாத, கீறாத பழைய 5 சென்ட் கிடைத்தால், ஆண்டு சாதாரணமாக இருந்தாலும் இரண்டாம் முறை பாருங்கள்.

எண்ணிக்கை மட்டுமே விலையாகிவிடாது. உருக்கப்பட்டது எவ்வளவு, எந்தத் தரத்தில் எத்தனை மிஞ்சியது, அதைத் தேடுகிறவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துத்தான் சந்தை விலை வைக்கிறது.

ஆறாம் படி: விலை

முதலில் தரைவிலையைக் கணக்கிடுங்கள். எடையை 0.925-ஆல் பெருக்கினால் தூய வெள்ளி. 20 சென்டில் 4.30 கிராம், நியூஃபவுண்ட்லாந்து 50 சென்டில் 10.90 கிராம். கணக்குக்காக வெள்ளி கிராம் 2 டாலர் என்று வைத்தால் 20 சென்டின் உருக்குவிலை 8.60 டாலர். பழைய தங்கம், வெள்ளி வாங்கும் கடையில் சொல்லும் விலை இதற்கும் கீழே இருக்கும். 1858-இன் 20 சென்டை எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அந்த விலைக்குக் கொடுக்காதீர்கள். அதன் சேகரிப்பு விலை வெள்ளி விலையைத் தாண்டியே நிற்கிறது.

பிறகு ஒப்பீடு. ஆண்டுதோறும் வரும் விலைப்பட்டியல் நூல் விற்பனையாளர் கேட்கும் விலையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. உண்மை தெரிய, முடிந்த ஏலங்களைப் பாருங்கள். அதே ஆண்டு, அதே அச்சகக் குறி, அதே அச்சு வகை, அதே தரம் என்று நான்கும் பொருந்தும் ஐந்தாறு விற்பனைகளை எடுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி மற்றதன் சராசரியைப் போடுங்கள். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் சேர்த்து வசூலிக்கும் கட்டணம் அந்த விலையில் அடங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். இணையத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கும், விற்காத விலையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. கையில் ஒரு 1864 நியூ பிரன்ஸ்விக் 20 சென்ட். எடை 4.58, அடர்த்தி 10.3, பின்னலின் கண்ணிகள் கலக்கத் தொடங்கிவிட்டன, ஆனால் விளக்கைச் சாய்த்தால் எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடுகின்றன. அசல், எஃப்-12, துலக்கப்பட்டது. எஃப்-12 விலையைப் பார்த்துவிட்டு அதையே எழுதிக்கொள்வது தவறு. துலக்கியது என்று குறிப்பிட்டே விற்ற எஃப்-12 காசுகளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றிரண்டு தரம் கீழிறக்கி, விஜி அல்லது ஜி விலையில் வைத்துப் பேசுங்கள். விற்பனையாளரும் அப்படித்தான் வைப்பார்.

சான்றிதழுக்கு எப்போது அனுப்புவது? தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்களில் கனடா நாணயங்களுக்கு டொரன்டோவின் ஐசிசிஎஸ், உலக அளவில் பிசிஜிஎஸ், என்ஜிசி. கட்டணம், காப்பீட்டுத் தபால் இரண்டையும் கூட்டி, சான்றிதழால் கூடும் விலை அதைத் தாண்டுமா என்று பாருங்கள். தேய்ந்த சாதாரண ஆண்டுக்குத் தாண்டாது. இஎஃப்-க்கு மேற்பட்டவை, மேலே சொன்ன அரிய ஆண்டுகள், ஹோலி டாலர், 1670 நாணயங்கள் ஆகியவற்றுக்கு அவசியம்.

வைத்துப் பாதுகாப்பது

பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசுக்கு கசியும். அப்படி ஏறிவிட்டிருந்தால் மட்டும் தூய அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னல் திறந்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல், சில நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும், அது ஆகாது. அசிட்டோன் பிசுக்கைக் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. தேய்க்காமல் தானாகக் காயவிடுங்கள். பிறகு மைலர் (பிவிசி கலக்காத பிளாஸ்டிக்) உறை அல்லது அளவுக்கேற்ற கெட்டி அக்ரிலிக் பெட்டி. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கந்தகம் விடுபவை, ஒரே டப்பாவில் வேண்டாம். ஈரப்பதம் உள்ள ஊரென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஒவ்வொரு உறையோடும் ஒரு சீட்டு: காலனி, மதிப்பு, ஆண்டு, அச்சகக் குறி, நிறுத்த எடை, நீங்கள் போட்ட தரம், வாங்கிய இடம், வாங்கிய விலை. சீட்டை நாணயத்தைத் தொடாத தனிப் பையில் வையுங்கள். காகிதத்திலுள்ள அமிலமும் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.